சரளைப் பாதையின் ரஸம்

ஒரு சைக்கிள் பிரயாணத்தை அதன் தூரத்தைக் கொண்டோ, அது ஏறி இறங்கும் மலைகளின் உயரத்தைக் கொண்டோ மதிப்பிடுவது, ஒரு கச்சேரியை அது எத்தனை மணி நேரம் நடந்தது என்று கேட்டு மதிப்பிடுவதற்கு ஒப்பாகும். பிரான்ஸ் தேசத்துக் கிராமப்புறங்களில் தார் போடாத வண்டிப்பாதைகளை ஒன்றோடொன்று கோத்து, காலையில் ஓர் ஊரில் புறப்பட்டவனை மாலையில் வேறோர் ஊரில் கொண்டு சேர்க்கும்படி வழி வகுப்பது, என் அபிப்பிராயத்தில், ஒரு தனிக் கலை. அந்தக் கலைக்கு ஆதார வஸ்து டயருக்கு அடியில் கிடக்கும் தரையே. சக்கரத்தின் கீழ் மண் மாறுவதை உள்ளங்கைகளால் உணர்ந்து, அந்த மாறுதல் எங்கே நேர்கிறது, எவ்வளவு நேரம் நிலைக்கிறது, அடுத்ததற்கு எப்படி இடம் கொடுக்கிறது என்று கவனிக்கத் தெரிந்தவனுக்கே அதன் ரஸம் பிடிபடும்.

இந்த ஓட்டத்தின்மேல் இன்று உலகெங்கும் உண்டாகியிருக்கும் மோகம் அமெரிக்காவின் கான்சாஸ் மாகாணத்துச் சரளைச் சாலைப் பந்தயங்களிலிருந்து பரவியது என்பார்கள். அதைக் கேட்கும் பிரெஞ்சுக்காரர் மெல்லப் புன்னகை செய்தால் குற்றமில்லை. டூர் த பிரான்ஸ் பந்தயம் 1910-ல் முதன்முதலாகப் பிரெனீஸ் மலையின் உயர்ந்த கணவாய்களைக் கடந்தபோது, டூர்மலே கணவாயின் பாதை கல்லும் மண்ணுமாகத்தான் கிடந்தது. 1913-ல் அதே கணவாயின் இறக்கத்தில் முன் ஃபோர்க் முறிந்துபோக, யூஜேன் கிறிஸ்தோஃப் என்ற வீரர் சைக்கிளைத் தோளில் சுமந்து அடிவாரத்துக் கிராமமான ஸேந்த் மரி த கம்பானுக்கு நடந்தே வந்து, அங்கிருந்த கொல்லன் உலையில் தம் கையாலேயே இரும்பைக் காய்ச்சி அடித்துச் சரிசெய்துகொண்டு பந்தயத்தைத் தொடர்ந்தார் என்பது சைக்கிள் ரசிகர்கள் சொல்லிச் சலிக்காத கதை.

ஆனால் நாம் பேசும் கலைக்கு மூலபுருஷர் பந்தயக்காரர் எவரும் அல்லர். ஸேன் எத்தியென் நகரில் பட்டு வியாபாரத்தில் இருந்து சைக்கிளுக்குத் திரும்பி, 1887-ல் 'லெ சிக்லீஸ்த்' என்ற பத்திரிகையைத் தொடங்கி, வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதிவந்த போல் த விவீ (1853–1930) என்பவருக்கே அந்தப் பெருமை உரியது. அவர் சாகபட்சணி, மதுவையும் புகையிலையையும் விலக்கியவர், இரவெல்லாம் மிதித்து ரோன் நதிப் பள்ளத்தாக்கு வழியே தெற்கே இறங்கி, விடிந்ததும் ப்ரோவான்ஸின் வெயிலில் நனைவதை விரதம்போல் கடைப்பிடித்தவர். ஏற்றத்துக்கு ஒரு கியரும் சமவெளிக்கு ஒரு கியரும் வேண்டும் என்று அவர் ஓயாமல் வாதாட, டூர் பந்தயத்தின் அதிபதியான ஆன்றி தெக்ராஞ்ஜ் அது வயோதிகர்களுக்கு உரிய சலுகை என்று ஒதுக்கிவைத்தார். ஓடும்போதே கியர் மாற்றும் கருவி அந்தப் பந்தயத்தின் வீரர்கள் எல்லோருக்கும் அனுமதிக்கப்பட்டது 1937-ல்தான். அதற்கு வெகு முன்பே, அவசரமில்லாத பிரயாணிகள் அந்தச் சௌகரியத்தை அனுபவித்து முடித்திருந்தார்கள்! அதே பிரயாணிகளின் பரம்பரைதான் 650பி என்னும் சக்கர அளவையும் போற்றி வளர்த்தது. 584 மில்லிமீட்டர் விட்டமுள்ள வளையத்தில் பருத்த, மிருதுவான டயரை மாட்டிய சைக்கிள்களை ரெனே எர்ஸ், அலெக்ஸ் சிங்கர் போன்ற பாரிஸ் வட்டாரத்துச் சிற்பிகள் (தொழிலாளர் என்று சொல்ல மனம் வரவில்லை) மெருகேற்றிக் கொடுத்தார்கள். இன்றைய சரளைச் சைக்கிள்கள் பலவற்றில் இருப்பது அதே அளவு.

கருவி இருந்தால் போதாது. பாதையும் இருக்க வேண்டுமல்லவா? 1881-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று, கிராமத்துக்குப் பொதுவான மண்பாதைகளுக்குத் தெளிவானதோர் அந்தஸ்தை அளித்தது. அவை ஊராட்சியின் சொத்து. ஆனால் அவற்றில் போகவும் வரவும் எவருக்கும் உரிமை உண்டு. உலக யுத்தத்துக்குப் பின், டிராக்டர்கள் திரும்ப இடம் வேண்டுமென்று சிதறிய வயல்களை ஒன்றுசேர்த்துப் பங்கிட்ட காலத்தில், வேலிப்புதர்களோடு சேர்ந்து எத்தனையோ பாதைகள் உழவுசாலுக்குள் மறைந்தன. தப்பிப் பிழைத்தவையே இன்று நம் பொக்கிஷம். தேசிய நிலவரைக் கழகத்தார் வெளியிடும் படத்தில், ஒரு சென்டிமீட்டர் 250 மீட்டரைக் குறிக்கும் அந்த நுட்பமான தாளில், இவை மெல்லிய கோடுகளாகக் கிடக்கின்றன. குளிர்கால இரவுகளில் அந்தத் தாளை விரித்துவைத்து விரலால் பிரயாணம் செய்வது, சைக்கிளில் ஏறிப் போவதற்கு அதிகம் குறைந்த இன்பமன்று.

ஷாம்பேன் பிரதேசத்தின் வெண்ணிறப் பாதைகளைப் பற்றி நான் விரிக்க வேண்டியதில்லை. 2024 ஜூலையில் டூர் பந்தயம் த்ருவா நகரைச் சுற்றி, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே 14 துண்டுகளாக 32 கிலோமீட்டர் சரளையில் ஓடியதையும், ஆந்தனி துர்ஜிஸ் வென்றதையும், வீரர்கள் முகமெல்லாம் வெண்புழுதி பூசி வந்து சேர்ந்ததையும் உலகமே பார்த்தது. பிரிட்டனியின் பாதைகளோ வேறு ஜாதி: கருங்கல்லும் சேறுமாக, நடுவில் புல் முளைத்து, இருமருங்கும் கரை உயர்ந்து கிடக்கும் அவற்றை அவ்வூரார் ரிபின் என்கிறார்கள். அவற்றின்மேல் ஓடும் ட்ரோ ப்ரோ லேயோன் என்ற பந்தயம், பிரெத்தோன் மொழியில் கற்பிக்கும் பள்ளிகளுக்குப் பணம் சேர்ப்பதற்காக 1984-ல் தொடங்கியது. அதில் முதலாவதாக வரும் உள்ளூர் வீரருக்குப் பரிசு ஓர் உயிருள்ள பன்றிக்குட்டி. இவ்விரண்டிலும் தனித்தனியே சுவை உண்டு. ஆனால் நாள் முழுதும் ஒரே சுவை.

பல சுவைகளும் ஒன்றுகூடுகிற க்ஷேத்திரம் எது என்று என்னைக் கேட்டால், தயக்கமின்றித் தெற்கே உள்ள ஃப்ளோராக் என்ற சிற்றூரைச் சொல்வேன். சுண்ணாம்புக் கல், கருங்கல், பலகைபோல் பிளவுபடும் சிஸ்ட் பாறை ஆகிய மூன்றும் சந்திக்கும் இடத்தில் அது அமைந்திருக்கிறது. மேற்கே திரும்பிச் செங்குத்தாய் ஏறினால், ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்தில் கோஸ் மெஜான் என்னும் சுண்ணாம்புப் பீடபூமி மரமின்றி விரிகிறது. மழை எவ்வளவு பெய்தாலும் பாறையின் வெடிப்புகளில் இறங்கி மறைந்துவிடுவதால் அங்கே ஓடையென்று ஒன்றில்லை. ஆடுகளின் தாகத்துக்காகக் கல் பாவிக் கட்டிய வட்டக் குட்டைகளில் மட்டுமே நீர் நிற்கும். பொடிந்த சுண்ணாம்புச் சரளையில் டயர் இடைவிடாமல் சலசலத்துக்கொண்டே போக, பாதை திடீரென்று ஒரு பள்ளத்துக்குள் இறங்குகிறது. அந்தப் பள்ளங்களில்தான் செம்மண் தேங்கியிருக்கிறது, தானியம் விளைகிறது. சக்கரம் செம்மண்ணைத் தொட்டதும் சத்தம் முழுவதும் அடங்கிவிடுகிறது. மறுகரையில் ஏறியதும் மீண்டும் சலசலப்பு. இந்த லயத்துக்கு நிகரான ஒன்றை நான் வேறெங்கும் அனுபவித்ததில்லை. 1993 முதல் ப்ரெஸ்வால்ஸ்கி என்னும் ஆதிக்குதிரை இனத்தை அங்கே வேலியிட்ட மேய்ச்சல் நிலத்தில் வளர்த்துவருவதைக் காணப் பலர் வருகிறார்கள், வரட்டும்.

தார்ன் நதியின் அப்புறம் லோஸேர் மலையில் கருங்கல் மக்கிப் பருமணலாகி, சக்கரத்தைப் பிடித்து இழுக்கும். கால்கள் களைக்கும், மனம் களைக்காது. தென்கிழக்கே செவென் மலைகளில் கறுத்த சிஸ்ட் தகடுகள் டயரின் பக்கங்களைக் கிழிக்கக் காத்திருக்கும். அங்குள்ள பழைய சாலைகள் சிலவற்றை, பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில், பணிய மறுத்த புராட்டஸ்டண்டு மக்கள்மேல் படை நடத்துவதற்காக அரசன் வெட்டச் செய்தான். அவற்றைக் காட்டிலும் பழைமையானவை, கோடையில் ஆட்டுமந்தைகள் மலையேறுவதற்காக முகடுகளின் வழியே செல்லும் த்ராய் என்ற இடையர் தடங்கள். சேனைக்கு வகுத்த வழி வளைந்து வளைந்து ஏறுகிறது. ஆடு கண்ட வழி நேரே ஏறுகிறது. இரண்டையும் எந்த இடத்தில் இணைப்பது என்பதில்தான் பாதை வகுப்பவனின் சாமர்த்தியம் வெளிப்படும்.

ஏற்றத்துக்கு அஞ்சுகிறவர்களுக்கும் இக்கலையில் இடம் உண்டு. பியேர் போல் ரிகே 1666-ல் தொடங்கிய மிடி கால்வாய்க்கு, நொரூஸ் என்ற மேட்டில் நீர் வழங்குவதற்காகக் கரிய மலையிலிருந்து வெட்டிக் கொண்டுவந்த வாய்க்காலின் கரையோரம் ஒரு மண்பாதை செல்கிறது. நீர் தானே ஓட வேண்டும் என்பதற்காக அந்த வாய்க்கால் நிலத்தின் ஒவ்வொரு மடிப்பையும் சுற்றிச் சுற்றி வருவதால், பாதையும் மர நிழலில் அவ்வாறே நெளிந்து செல்கிறது. பெரிய கால்வாயின் கரையை எல்லோரும் புகழ்வார்கள். நான் இந்தச் சிறிய வாய்க்காலையே உயர்வாக மதிப்பேன். கைவிட்ட ரயில் பாதைகளைச் செப்பனிட்டு அமைத்த பசுமை வழிகளைப் பற்றியோ, அவை குழந்தைகளுக்கு உகந்தவை என்பதற்குமேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

டயரின் அகலத்தைப் பற்றி நண்பர்கள் ஓயாமல் சர்ச்சை செய்கிறார்கள். நாற்பது மில்லிமீட்டருக்குக் குறையாத எதுவும் போதும், காற்றுத்தான் முக்கியம். இறுக அடித்த டயர் ஒவ்வொரு கல்லிலும் துள்ளித் தரையைத் தொடாமல் தாவுகிறது. சற்றே தளர விட்ட டயர் கல்லை உள்வாங்கிக்கொண்டு உருள்கிறது. தரையின் பேதங்களை அறியவென்றே வந்தவன் துள்ளிக்கொண்டு போவதில் அர்த்தமில்லை.

போக விரும்புகிறவர்கள் மே, ஜூன் மாதங்களில் போவது உத்தமம். இலையுதிர் காலத்தில் காடுகளில் பன்றி வேட்டை நடக்கும். எச்சரிக்கைப் பலகை கண்ட பாதையில் நுழையாமல் வேறு வழி பார்ப்பது நல்லது. கோஸ் மெஜானில் குடிநீரைக் கையோடு கொண்டுபோக வேண்டும். மேய்ச்சல் நிலங்களைக் கடக்கும்போது, திறந்த கம்பிப் படலை அவசியம் திரும்பச் சாத்திவிட்டுச் செல்லுங்கள். அந்தப் பாதைகள் அழியாமல் இருப்பது ஆடு மேய்ப்பவர்கள் இன்னும் அங்கே இருப்பதால்தான்.