வாசலில் வைத்த தண்ணீர்

பக்கத்து வீட்டு மாவோரிப் பாட்டி காலமானபோது, தெற்கு ஆக்லாந்தில் அவர்களுடைய மராய்க்கு மூன்று நாளும் போய்வந்தேன். மராய் என்பது குலத்தார் கூடும் முற்றமும் மண்டபமும் சேர்ந்த இடம். திறந்த பெட்டியில் பாட்டி கிடக்கிறார். பெண்கள் இருபுறமும் பாய்விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள். இரவில்கூட அவரைத் தனியாக விடவில்லை. வருகிறவர்கள் இறந்தவரைப் பற்றிப் பேசவில்லை, இறந்தவரிடமே பேசுகிறார்கள். திட்டுகிறார்கள், சிரிக்கிறார்கள், முன்னே போன உறவுகளுக்குச் சேதி சொல்லி அனுப்புகிறார்கள். மூன்றாம் நாள் ஆங்கிலிகன் பாதிரியார் வந்து ஜெபம் சொல்லி அடக்கம் செய்தார். கல்லறைத் தோட்டத்தை விட்டு வெளியே வரும்போது வாசலில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர். பாதிரியார் உட்பட எல்லோரும் கையை நனைத்துத் தலையில் தெளித்துக்கொண்டார்கள். அப்புறம்தான் சாப்பாடு.

எனக்கு யாரும் எதையும் விளக்கத் தேவை இருக்கவில்லை. பாளையங்கோட்டைப் பக்கம் எங்கள் ஊரில், சுடுகாட்டிலிருந்து திரும்புகிறவர்கள் தலைமுழுகாமல் வாசற்படி ஏறுவதில்லை. வேதக்கோயிலுக்குப் போகும் என் சித்தப்பா குடும்பத்திலும், அடக்கம் முடிந்து வந்தால் கால் கழுவ வாசலில் ஒரு செம்புத் தண்ணீர் இருக்கும். இரண்டு இடங்களுக்கும் இடையே ஒரு பெருங்கடலும் அரை உலகமும் கிடக்கின்றன.

மதங்களை ஒப்பிடும் படிப்பு இந்தத் தண்ணீரிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். தொடங்கியதோ வேறொரு கேள்வியிலிருந்து: "உங்கள் கடவுள் யார்?" அந்தக் கேள்வி ஆப்பிரிக்காவிலும் நியூசிலாந்திலும் தமிழ்நாட்டிலும் என்ன செய்தது என்பதுதான் நான் இங்கே பார்க்க விரும்புவது.

உகாண்டாக் கவிஞர் ஓகோட் ப'பிடெக், மேற்கத்தியப் படிப்பாளிகள் ஆப்பிரிக்கச் சமயங்களை எப்படிக் கையாண்டார்கள் என்று எழுதிய நூலில் ஒரு சம்பவம் சொல்கிறார். 1911-இல் இத்தாலியப் பாதிரிமார்கள் அச்சோலி மக்களின் பெரியவர்களைக் கூட்டி, "உங்களைப் படைத்தவர் யார்?" என்று கேட்டார்கள். அந்த மொழியில் 'படைத்தல்' என்பதற்குச் சொல் இல்லை. கேள்வி, "உங்களை வனைந்தவர் யார்?" என்று மாறியது. மனிதனை அம்மா பெறுகிறாள், யாரும் வனைவதில்லை என்றார்கள் பெரியவர்கள். பாதிரிமார்கள் விடவில்லை. கடைசியில் ஒரு பெரியவருக்கு நினைவு வந்தது: முதுகெலும்பு நோயில் மனிதனைக் கூனாக வனைந்துவிடும் ஓர் ஆவி உண்டு, அதன் பெயர் ருபங்கா. பாதிரிமார்கள் எழுதிக்கொண்டார்கள். கூன் விழவைக்கும் ஆவி, விவிலியத்தில் பிதாவாகிய கடவுளின் பெயராகிவிட்டது.

ப'பிடெக்கின் கோபம் பாதிரிமார்கள் மீது மட்டுமில்லை. ஆப்பிரிக்கப் படிப்பாளிகளே தங்கள் தெய்வங்களுக்குக் கிரேக்க அங்கியை மாட்டிவிடுகிறார்கள் என்றார். அவர் மனதில் இருந்தவர்களில் ஒருவர் கென்யாவின் ஜான் எம்பிட்டி, ஆங்கிலிகன் குரு. 'ஆப்பிரிக்கச் சமயங்களும் தத்துவமும்' என்ற எம்பிட்டியின் 1969-ஆம் ஆண்டு நூல்தான் இந்தத் துறைக்குள் நுழைகிறவர்களுக்கு இன்றும் முதல் வாசல். ஆப்பிரிக்கனுக்குச் சமயம் வாரத்தில் ஒரு நாள் வேலை இல்லை, விதைப்பிலும் பேற்றிலும் சாவிலும் அவனோடு நடப்பது என்று நிறுவியவர் அவர். அந்த அளவில் அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் மறு ஆண்டே, ஏறக்குறைய முந்நூறு இனங்களிடமிருந்து கடவுட் கருத்துகளைத் திரட்டி, எங்கும் ஒரே பரம்பொருள் இருந்தது என்று காட்ட முயன்றார். 'எங்களுக்கும் உண்டு' என்று வெள்ளைக்காரன் முன் நிரூபிக்க வேண்டியிருந்த தலைமுறை அது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் இதில் ப'பிடெக் பக்கமே நியாயம் என்று நினைக்கிறேன்.

நியூசிலாந்தில் இதே வழக்கு 'இயோ' என்ற பெயரில் நடந்தது. 1913-இல் பெர்சி ஸ்மித் வெளியிட்ட நூலில், மாவோரிக் குருகுலங்களில் சிலருக்கு மட்டுமே தெரிந்த ரகசியமாக இயோ என்ற தனிப் பரம்பொருள் இருந்ததாக வந்தது. மாவோரி அறிஞர் தே ரங்கி ஹீரோவா 1949-இல் இதைச் சந்தேகித்தார்: கிறித்தவம் வந்தபிறகு ஏறிய சாயம் போலத் தெரிகிறது என்பது அவர் கருத்து. ஜேம்ஸ் காக்ஸ் 2014-இல் எழுதிய நூல் இயோவையும் சிம்பாப்வேயின் முவாரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பூர்வகுடிகளுக்கு 'ஒரே கடவுள்' உருவான கதையைச் சொல்கிறது. ஆப்பிரிக்காவையும் நியூசிலாந்தையும் ஒரே கண்ணால் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல நூல் எனக்குத் தெரியாது. ஆனால் காக்ஸோடு எல்லாம் முடிந்துவிடாது. மாவோரி மார்ஸ்டன் என்பவர் ஆங்கிலிகன் குரு, மாவோரி மரபுக் கல்வியும் பெற்றவர். இயோவைத் தன் மக்களின் மூலமாகவே அவர் ஏற்றார். எப்போது பிறந்த தெய்வமானாலும் கும்பிடுகிறவனுக்கு அது தெய்வம். எப்போது பிறந்தது என்று கேட்பது வரலாற்றின் வேலை. பொய்யென்று தள்ளுவது அதன் வேலை இல்லை.

நம் கதைக்கு வருவோம். ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கி, தமிழர்களிடம் கேட்டும் கடிதம் எழுதி வாங்கியும் 1713-இல் தமிழ்த் தெய்வங்களின் வம்சாவளியை எழுதி முடித்தார். சிவனும் திருமாலும் மட்டுமில்லை. அய்யனார், எல்லம்மன், மாரியம்மன், அங்காளம்மன், பிடாரி எல்லாரும் அதில் இருக்கிறார்கள். ஜெர்மனிக்கு அனுப்பினால், "புறமதத்தை ஒழிக்கப் போனவர் அதன் கதைகளை இங்கே பரப்பலாமா" என்று ஹாலே நகரில் இருந்த மிஷன் மேலிடம் அச்சிட மறுத்தது. 1867-இல்தான் சென்னையில் அச்சேறியது. நம் கிராம தெய்வங்களைப் பற்றிய ஆகப் பழைய விரிவான பதிவுகளில் ஒன்று நூற்றைம்பது வருடம் கையெழுத்தாகக் கிடந்தது.

ஆக்லாந்துக்கும் திருநெல்வேலிக்கும் இடையே பலர் கவனிக்காத ஒரு கயிறு உண்டு. சர்ச் மிஷனரி சங்கத்துக்காக சாமுவேல் மார்ஸ்டன் நியூசிலாந்தின் வடக்கே ஓய்ஹி கடற்கரையில் 1814 கிறிஸ்துமஸ் அன்று முதல் பிரசங்கம் செய்தார். அதே சங்கம் அனுப்பிய ரேனியஸ் அதே ஆண்டில்தான் தமிழ் மண்ணில் இறங்கினார். 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்தார். ஒரே அலுவலகம், ஒரே ஆண்டு, இரண்டு கரைகள். இருவருக்கும் ஒரே சிக்கல்: புனிதம் என்பதற்கு உள்ளூரில் என்ன சொல்? மாவோரியில் 'தாப்பு' என்று வைத்தார்கள்; விவிலியம் 'பைபெரா தாப்பு' ஆனது. தலையைத் தொடக்கூடாது, பிணத்தைத் தொட்டால் கழுவ வேண்டும், சாப்பாட்டு மேசை மேல் உட்காரக்கூடாது என்று கட்டுப்படுத்தும் அதே தாப்பு. தமிழில் வேதமும் ஆகமமும் சேர்ந்து 'வேதாகமம்' ஆயின. கடவுளுக்கோ, கத்தோலிக்கர் சர்வேசுரன் என்றார்கள், விவிலியத்தைப் பெயர்த்த பப்ரீசியுஸ் பராபரன் என்றார், ரேனியஸ் தேவன் என்றார். ஒரு சொல்லை இரவல் வாங்கினால் அதற்குள் இருப்பதும் கூடவே வரும். கல்லறை வாசலில் அந்தப் பாதிரியார் கைநனைத்தது அதனால்தான்.

தாப்புவை நம்முடைய 'தீட்டு' என்று பெயர்க்க ஆசை வரும். நானே பேச்சில் அப்படிச் சொல்லியிருக்கிறேன். அது தவறு என்று இப்போது நினைக்கிறேன். தாப்பு பிணத்தின் மீதும் தலைவன் மீதும் ஒருசேர இருக்கும். தண்ணீரும் சமைத்த உணவும் அதை இறக்கிவிடும். இறங்கியபின் மனிதன் வழக்கமான மனிதன். நம் தீட்டோ ஒரு கூட்டத்தையே பிறப்பிலிருந்து பிடித்துவைத்தது, எந்தத் தண்ணீராலும் இறங்கவில்லை. கிறித்தவத்துக்குப் போன பிறகும், கோயிலுக்குள் தடுப்புச் சுவராகவும் கல்லறைத் தோட்டத்தில் தனிப் பகுதியாகவும் கூடவே போனது. ஆ. சிவசுப்பிரமணியன் இதை ஆதாரங்களோடு எழுதியிருக்கிறார். ஒப்பிடுகிறவன் ஒற்றுமையைக் கண்டு மகிழ்ந்து இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடக்கூடாது.

ஆக்லாந்து நகர நடுவே குயின் தெருவின் அடியில் ஓர் ஓடை ஓடுகிறது. பெயர் வைஹொரொத்தியு. நகரம் அதைக் குழாய்க்குள் அடைத்து மேலே கடைகள் கட்டிவிட்டது. அந்த ஓடையைக் காப்பது ஹொரொத்தியு என்ற தனிஃபா, அதாவது நீர்நிலைகளில் வாழும் காவல் சக்தி. சுரங்க ரயில் பாதைத் திட்டம் 2011-இல் விவாதத்துக்கு வந்தபோது, பாதை ஹொரொத்தியுவின் இருப்பிடம் வழியாகப் போகிறது என்று மாவோரிப் பிரதிநிதி மாநகர அவையில் சொன்னார். பத்திரிகைகள் கேலி செய்தன. கட்டுக்கதைக்குப் பயந்து ரயிலை நிறுத்துவதா என்கிற பாணியில் படித்தவர்கள் பேசினார்கள். ஏரிக்கரை அய்யனாரை அறிந்த எனக்கு அந்தக் கேலி வலித்தது. கரை உடையாமல், நீர்வரத்து அடைபடாமல் பார்த்துக்கொள்ள ஒரு சமூகம் நியமித்த காவல்காரர் அவர். குதிரையில் ராத்திரி சுற்றிவருகிறார் என்று நம்பிய ஊரில் மடையை உடைக்க யாரும் துணியவில்லை. அய்யனார் கோயிலை இடித்தோ சிமெண்ட் பூசியோ ஒதுக்கிய ஊர்களில் ஏரி வீட்டுமனை ஆகிவிட்டது. ஆக்லாந்தில் பாதை வேலை நடந்தது. ஆனால் அங்கே அமைந்த நிலையத்துக்கு இன்று 'தே வைஹொரொத்தியு' என்றே பெயர். புதைத்த ஓடையின் பெயரைப் பலகையில் படித்துக்கொண்டுதான் ரயில் ஏற வேண்டும்.

சட்டமும் இந்தத் தெய்வங்களோடு மோதியிருக்கிறது. தென் ரொடீசியாவில் (இன்றைய சிம்பாப்வே) 1899-இல் சூனியத் தடைச் சட்டம். நியூசிலாந்தில் 1907-இல், மரபு வைத்தியரும் பூசாரியுமான தோஹுங்காக்களை ஒடுக்கும் சட்டம், 1962-இல்தான் நீக்கப்பட்டது. அதை ஆதரித்தவர்களில் மாவோரித் தலைவர்களும் உண்டு, தங்கள் மக்களின் சாவுகளைக் கண்டு பதறிய மருத்துவர் மௌவி பொமாரே உட்பட. தமிழ்நாட்டில் 1950-ஆம் ஆண்டின் உயிர்ப்பலித் தடைச் சட்டத்தை 2003-இல் தூசிதட்டி எடுத்தார்கள். கிடா வெட்டி கொடை கழிக்கும் சுடலைமாடன்களும் கறுப்பசாமிகளும் ஒரே உத்தரவில் குற்றவாளிகள் ஆனார்கள். எதிர்ப்பு வலுத்து 2004-இல் திரும்பப் பெற்றார்கள். முதல் இரண்டும் வெள்ளையர் ஆட்சிச் சட்டங்கள். மூன்றாவது நாமே நமக்குச் செய்துகொண்டது.

ஒடுக்கப்பட்ட மக்கள், பழைய சமயத்துக்கும் புதிதாக வந்த சமயத்துக்கும் நடுவே மூன்றாவது பாதை போட்டதும் எல்லா இடத்திலும் நடந்திருக்கிறது. இதுதான் இந்தத் துறையின் வளமான பகுதி. சாமிதோப்பில் 1830-களில் அய்யா வைகுண்டர், நிலைக்கண்ணாடி முன் நின்று தன்னையே பார்க்கச் சொன்னார். தலைப்பாகை கட்டி வா என்றார், அது மறுக்கப்பட்ட சாதியைப் பார்த்து. நாடு கடத்தப்பட்ட மாவோரித் தலைவர் தே கூட்டி, சாத்தம் தீவில் 1868-இல் ரிங்கத்தூ நெறியைத் தொடங்கினார். எகிப்தில் அடிமைப்பட்ட இஸ்ரவேலர் கதையில் தன் மக்களைக் கண்டார். ஆக்லாந்துப் பல்கலைக்கழக வரலாற்றாசிரியர் ஜூடித் பின்னி 1995-இல் எழுதிய அவர் வரலாறு, ஒரு சமயம் பிறப்பதைக் கண்முன் காட்டும் நூல். 1918 நவம்பரில், பெருங்காய்ச்சலில் மாவோரிகள் கொத்துக்கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தபோது, மாவோரித் தீர்க்கதரிசி ராத்தனாவுக்குத் தரிசனம் கிடைத்தது. அதே காய்ச்சல்தான் நைஜீரியாவில் ஜெபத்தால் குணமாக்கும் அலதுரா சபைகளுக்கும் வித்திட்டது. காங்கோவில் 1921-இல் கிம்பாங்கு என்பவர் நோயாளிகளைத் தொட்டுக் குணமாக்கினார். பெல்ஜியர்கள் அவரைச் சாகும்வரை முப்பது ஆண்டுகள் சிறையில் வைத்தார்கள். ராத்தனா 1936-இல் நியூசிலாந்துப் பிரதமர் சாவேஜிடம் ஓர் உருளைக்கிழங்கையும் உடைந்த கடிகாரத்தையும் கொடுத்தார்: பயிரிட நிலம் இல்லாத மக்கள், உடைந்த வாக்குறுதிகள். இவர்களை 'கலப்பு' என்று பெயரிட்டு ஓர் அத்தியாயத்தில் முடிக்கும் பாடநூல்கள் எனக்குப் பிடிப்பதில்லை. நோய்க்கும் நிலத்துக்கும் மானத்துக்கும் பதில் சொல்லாத சமயம் ஏழைக்கு எதற்கு?

கணக்கெடுப்பு எண்கள் இதையெல்லாம் காட்டாது. நியூசிலாந்தின் 2023 கணக்கில் 51.6 விழுக்காட்டினர் சமயம் இல்லை என்றார்கள். கிறித்தவர் 32.3, இந்துக்கள் 2.9. மாவோரிச் சமயங்கள் என்ற கட்டத்தில் 2018-இல் பதிவானது 1.3 விழுக்காடு. ஆனால் 'சமயம் இல்லை' என்று எழுதிய மாவோரி இளைஞனும் கல்லறை வாசலில் கை நனைக்கிறான். ஆப்பிரிக்காவில் பியூ ஆய்வு மையம் 19 நாடுகளில் 25,000-க்கும் மேற்பட்டவர்களிடம் பேசி 2010-இல் வெளியிட்ட ஆய்வும், கிறித்தவர், முஸ்லிம் என்று தங்களைச் சொன்னவர்களில் கணிசமானோர் முன்னோருக்குப் படைப்பதன் பலனை நம்புவதைக் கண்டது.

நாம் அந்த 2.9-க்குள் இருக்கிறோம். அதற்குள் யார் யார் இருக்கிறார்கள்? பிஜியிலிருந்து வந்த தென்னிந்தியர்கள் மாரியம்மனையும் தீமிதியையும் நினைவில் வைத்திருக்கிறார்கள். கூலிகளாகப் போனவர்கள் கையில் இருந்தது அவள்தான். யாழ்ப்பாணத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் விமானத்தில் வந்த நாம் பிள்ளையாரையும் முருகனையும் கொண்டுவந்தோம். மாடனையும் இசக்கியையும் ஊரிலேயே விட்டுவிட்டோம். பிள்ளைகள் பள்ளியில் 'உன் மதம் என்ன' என்ற கேள்விக்கு இந்து என்கிறார்கள், சரிதான். குலதெய்வம் எது என்றால் என் மகளின் வகுப்புத் தோழிகள் விழிக்கிறார்கள். அதே வகுப்பில் மாவோரிப் பிள்ளைகள் எழுந்து நின்று தங்கள் மலை எது, ஆறு எது, வந்த ஓடம் எது, பாட்டன் யார் என்று வரிசையாகச் சொல்கிறார்கள். ஒரு காலத்தில் பள்ளியில் தாய்மொழி பேசியதற்கு அடிவாங்கிய சமூகம் அது. திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

நா. வானமாமலையும் தொ. பரமசிவனும் அ.கா. பெருமாளும் ஊர் ஊராக நடந்து நம் நாட்டார் தெய்வங்களை எழுதிவைத்தார்கள். புலம்பெயர்ந்த வீடுகளுக்குள் இருப்பதை அவர்களால் எழுத முடியாது. அதை நாம்தான் செய்ய வேண்டும். இதை வாசிக்கும் ஆக்லாந்துத் தமிழர்கள், எந்தக் கோயிலுக்குப் போகிறவராக இருந்தாலும், இந்த வாரம் ஊருக்குப் போன் போடுங்கள். குலதெய்வத்தின் பெயர், பீடம் இருக்கும் ஊர், கொடை நடக்கும் மாதம், என்ன படைப்பார்கள், யார் சாமியாடுவார்கள் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். கிறித்தவக் குடும்பமானால், மாறுவதற்கு முன்பு யாரைக் கும்பிட்டார்கள், மாறிய பிறகும் எதை விடவில்லை என்று கேளுங்கள். பதில் சொல்லக்கூடியவர்களுக்கு இப்போது எண்பது வயதுக்கு மேல் ஆகிறது.