கூடத்தில் ஒரு வீணை

பல தாளங்களை ஒரே நேரத்தில் தட்டச் சொல்லி, ஓசையை மட்டுமே வைத்து ஒவ்வொன்றின் எடையையும் நாதமுனிகள் சொன்னார் என்று குருபரம்பரைக் கதை ஒன்று உண்டு. நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தைத் தொகுத்து, மருமக்களான மேலையகத்தாழ்வானுக்கும் கீழையகத்தாழ்வானுக்கும் இசையோடு கற்பித்த அவர் பிறந்த ஊர் காட்டுமன்னார்கோயில். அப்படியொரு செவியைக் கேட்கும் வாத்தியம் வீணை. அதைச் சபாவில் கேட்பதைவிட, பத்து இருபது பேர் உட்காரும் வீட்டுக் கூடத்தில் கேட்பதுதான் நியாயம் என்பேன்.

சென்னை ஜார்ஜ் டவுனில் வீணை தனம்மாள் (1867–1938) வெள்ளிக்கிழமை மாலைகளில் தம் வீட்டில் வாசித்தார். மிருதங்கம் இல்லை, ஒலிபெருக்கி இல்லை. விரலில் கம்பி மாட்டாமல் மீட்டியதால் நாதம் மெல்லியது. இடையிடையே தாமே பாடவும் செய்வார். வந்தவர்கள் பேச்சை வாசலிலேயே விட்டுவிட்டு வரவேண்டும். பெரிய வித்வான்களும் அப்படித்தான் வந்து கேட்டார்கள்.

உங்கள் வீட்டில் கச்சேரி வைப்பதானால் ஆடி மாதத்தைத் தவிருங்கள். மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கிக்கு முன் எந்த வீணையும் நிற்காது. மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், வியர்த்தாலும் பரவாயில்லை, விசிறியின் இரைச்சல் வீணையின் கடைசி இழையைத் தின்றுவிடும். நாற்காலி வேண்டாம். பாயில், வாசிப்பவரின் இடது கை தெரியும்படி நெருங்கி உட்காருங்கள்.

ஏன் இடது கை? வலது கை மீட்டியதும் நாதம் பிறக்கிறது. ராகம் பிறப்பது அதற்குப் பிறகு. மெழுகில் பதித்த 24 மெட்டுகளில் ஏதோ ஒன்றின்மேல் விரல் தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கும். ஒரே மீட்டில் மூன்று நான்கு ஸ்வரங்கள் ஒன்றிலிருந்து ஒன்று வழிந்து வரும். மீட்டைக் கேட்டதும் அடுத்த மீட்டுக்குத் தாவாதீர்கள். தேய்ந்துகொண்டே போகும் அந்த ஒலியைக் கடைசிவரை பின்தொடருங்கள். தோடியின் அசைவும் சஹானாவின் குழைவும் அங்கேதான் இருக்கின்றன. தொலைவில் கேட்பவருக்கு முதலில் காணாமல் போவதும் அந்தப் பகுதிதான்.

ஐரோப்பாவில் பரோக் காலத்து வீடுகளிலும் அரண்மனைகளிலும் வாசித்த ஹார்ப்சிகார்டும் தந்தியை மீட்டும் வாத்தியமே. கட்டையை அழுத்தினால் உள்ளிருக்கும் இறகுமுனை தந்தியைச் சுண்டும். சுண்டிய பின் அந்த ஸ்வரத்தை வளைக்க முடியாது. அழுத்தமாக அடித்தாலும் ஒலி அதிகம் கூடாது. அதனால் அதன் மேதைகள் பொடி ஸ்வர அலங்காரங்களால் அழகு சேர்த்தார்கள். பிரெஞ்சு இசையமைப்பாளர் கூப்பரான் 1716-இல் அந்த வாசிப்புக்கென்றே ஒரு நூல் எழுதினார். அங்கே பல மீட்டுகள் செய்யும் வேலையை இங்கே ஒரே மீட்டு செய்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள், காது நன்றாகத் திறந்துகொள்ளும்.

இன்னொரு தயாரிப்பும் உண்டு: ஒரே ஒரு பாட்டின் சாகித்தியத்தை முன்கூட்டியே மனப்பாடம் செய்யுங்கள். அதற்கு முத்துத்தாண்டவர் பதம் பொருத்தம். தில்லைக் கூத்தனைப் பாடிய சீர்காழிக்காரர் அவர். கமாஸில் ‘தெருவில் வாரானோ’ தெரிந்திருந்தால் போதும். நல்ல வைணிகரின் மீட்டு, சொல்லின் எழுத்து விழும் இடத்தில் விழும். பாடகர் இல்லாமலே சொல் கேட்கத் தொடங்கும்.

ராகத்தை லயத்தோடு விரிக்கும் தானம் வரும்போது கண்ணை மூடிக்கொள்ளலாம். மிருதங்கம் இல்லாமலே ஒரு நடை ஓடும், பக்கத் தந்திகள் அதைத் தாங்கும். கையால் தாளம் போடாதீர்கள். அதில் தாளக்கட்டு இல்லை.

கச்சேரி முடிந்ததும் எழுந்து காபிக்கு ஓடாதீர்கள். உங்களை உலுக்கிய ஒரு பிடி இருந்திருக்கும். “அந்த இடத்தை இன்னொரு தடவை வாசிக்கிறீங்களா?” என்று கேளுங்கள். சபாவில் கேட்க முடியாத கேள்வி அது.