இன்னொரு சீசன் வேண்டாம், கடைசி எபிசோடு போதும்

2021 மே 7ஆம் தேதி நெட்ஃபிளிக்ஸில் ‘ஜூபிடர்ஸ் லெகசி’ என்ற சூப்பர்ஹீரோ தொடர் வந்தது. எட்டு எபிசோடுகள். ஜூன் 2ஆம் தேதி, ஒரு மாதம்கூட நிறைவதற்கு முன்பே, நடிகர்களை ஒப்பந்தத்திலிருந்து விடுவித்துவிட்ட செய்தி வந்தது. கூட இருந்தே குழி பறித்த ஆள் யார் என்பது கடைசி எபிசோடில்தான் பார்வையாளருக்குத் தெரியவரும். தெரிந்த கையோடு கடையைச் சாத்திவிட்டார்கள். 2019இல் டிசி யுனிவர்ஸ் தளத்தில் வந்த ‘ஸ்வாம்ப் திங்’ கதி இதைவிட மோசம். மே 31இல் முதல் எபிசோடு, ஜூன் 6இல் ரத்து. பதின்மூன்று என்று திட்டமிட்டது ஏற்கெனவே பத்தாகச் சுருங்கியிருந்தது. மிச்சமிருந்த ஒன்பதையும், இனித் தொடர்ச்சி இல்லை என்று தெரிந்துகொண்டே, வாரம் ஒன்றாக ரசிகர்கள் பார்த்து முடித்தார்கள்.

இப்படி நடக்கும் ஒவ்வொரு முறையும் ரசிகர்கள் செய்வதும் ஏறக்குறைய ஒன்றேதான். கையெழுத்து வேட்டை, ஹேஷ்டேக், சந்தாவை நிறுத்திவிடுவேன் என்ற மிரட்டல், இனி எந்தத் தொடரையும் முழுதாக முடிந்த பிறகே பார்ப்பேன் என்ற சபதம். அவர்களிலேயே ஒரு கூட்டம் நடிகர்களையும் எழுத்தாளர்களையும் வசைபாடும். இந்தக் கடைசி வகையை எடைபோடவே தேவையில்லை. அதைத் தள்ளிவிட்டு மற்றதைப் பார்ப்போம். கோபம் நியாயமானதுதானா? நியாயம் என்றால், அந்தக் கோபம் கேட்கும் பொருள் சரியானதா? இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்வதால்தான் விவாதம் ஊர்போய்ச் சேர்வதில்லை.

சாயங்காலம் வண்டிகளை நிறுத்திய பிறகு, புதுச்சேரிக் கடற்கரைச் சாலைச் சுவரில் உட்கார்ந்திருக்கும் கல்லூரிப் பையன்களிடம் இந்தப் பேச்சை எடுத்தால் முதலில் வந்து விழும் பெயர் நெட்ஃபிளிக்ஸின் ‘டேர்டெவில்’. “நாமதாண்ணே அதத் திரும்பக் கொண்டாந்தோம்” என்றான் ஒருவன். 2018இல் அது ரத்தானபோது எழுந்த மனுவில் கையெழுத்துப் போட்டவர்களில் அவனும் உண்டு. அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தானாம். பக்கத்தில் இருந்தவன் ஒப்புக்கொள்ளவில்லை. “நீ போட்ட கையெழுத்துக்கா டிஸ்னி பயந்துச்சு?” என்று கேட்டுவிட்டுச் சுண்டல் பொட்டலத்தைப் பிரிப்பதில் மும்முரமாகிவிட்டான்.

என் தராசு இரண்டாமவன் பக்கம்தான் சாய்கிறது. ‘டேர்டெவில்’ மூன்றாம் சீசன் 2018 அக்டோபரில் வந்தது, நவம்பர் 29இல் ரத்தானது. அதற்கு முன்பே நெட்ஃபிளிக்ஸின் மற்ற சூப்பர்ஹீரோ தொடர்களான ‘அயர்ன் ஃபிஸ்ட்’, ‘லூக் கேஜ்’ இரண்டும் போயிருந்தன. 2019 பிப்ரவரியில் ‘ஜெசிகா ஜோன்ஸ்’, ‘பனிஷர்’ இரண்டும் போயின. ஐந்து தொடர்களும் ஒரே வரிசையில் விழுந்தன என்றால் ஒவ்வொன்றின் தரமும் தனித்தனியே குறைந்துவிட்டது என்று அர்த்தம் அல்ல. பாத்திரங்களின் சொந்தக்காரரான டிஸ்னி, தனக்கென்று ஒரு ஓடிடி தளம் தொடங்கும் வேலையில் இருந்தது. 2019 நவம்பரில் டிஸ்னி பிளஸ் வந்தும்விட்டது. போட்டியாளரின் பொருளைத் தன் காசில் வளர்க்க நெட்ஃபிளிக்ஸுக்கு என்ன முடை?

ரத்தானபின் இரண்டு ஆண்டுகளுக்கு அந்தப் பாத்திரங்களை வேறெங்கும் பயன்படுத்தக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருந்ததாக அப்போதே செய்தி வந்தது. அந்தக் கெடு முடிந்த மறு ஆண்டு, 2021 டிசம்பரில், ‘ஸ்பைடர்மேன்: நோ வே ஹோம்’ படத்தில், டேர்டெவிலாக நடித்த சார்லி காக்ஸ் அதே வக்கீலாகத் தலைகாட்டினார். ‘டேர்டெவில்: பார்ன் அகெய்ன்’ 2025 மார்ச்சில் வந்தது. காலண்டரைப் பார்த்தால் கதவைத் திறந்தது ஒப்பந்தக் கெடு, கையெழுத்து அல்ல. ஆனால் ரசிகர்களின் பங்கு பூஜ்யம் என்றும் சொல்ல முடியாது. புதிய தொடரைப் பழையதோடு ஒட்டாத வேறொன்றாகத்தான் முதலில் திட்டமிட்டார்கள். 2023இல் எழுத்தாளர்களை மாற்றி, ரசிகர்களுக்குப் பிடித்த பழைய தோழர்களான ஃபாகியையும் கேரனையும் மறுபடி உள்ளே கொண்டுவந்தார்கள். ஆக, தொடர் திரும்ப வந்ததற்கு ரசிகர்கள் காரணம் அல்ல. எந்த முகத்தோடு வந்தது என்பதில் அவர்களுக்குக் கொஞ்சம் பங்கு உண்டு. அவ்வளவே.

இதற்கு நேர்மாறான சாட்சி நெட்ஃபிளிக்ஸின் ‘சென்ஸ்8’. முகமூடி, பறக்கும் அங்கி எதுவும் இல்லாத தொடர். உலகின் எட்டு மூலைகளில் இருக்கும் எட்டுப் பேரின் மனங்கள் இணைந்துவிடும் அதிசக்திக் கதை. மும்பைக்காரியான கலா அதில் ஒருத்தி. 2017 ஜூன் 1இல் ரத்து. இரண்டாம் சீசன் அந்தரத்தில் நின்றது. ரசிகர்கள் கூச்சல் போட்டார்கள். அந்த மாதமே, இரண்டு மணி நேர நிறைவுப் பகுதி ஒன்று வரும் என்று தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான லானா வச்சோவ்ஸ்கி அறிவித்தார். அதற்கான நன்றியை ரசிகர்களுக்கே சொன்னார். 2018 ஜூன் 8இல் அது வந்தது, இரண்டரை மணி நேரம் ஓடியது. மூன்றாம் சீசன் கிடைக்கவில்லை, முடிவு கிடைத்தது. நிறுவனம் தானே ரத்துசெய்த தொடருக்கு, உரிமை கைமாறாமலே, மறுபடி பணம் போட்டது. ரசிகர் குரல் நேரடியாகப் பலன் தந்த இடம் என்று நான் ஒப்புக்கொள்வது இதை.

நிறுவனத்தின் வாதத்தையும் கேட்டாக வேண்டும். வெற்றி பெற்ற தொடர் எதையும் தாங்கள் ரத்துசெய்ததே இல்லை என்று நெட்ஃபிளிக்ஸின் டெட் சரண்டோஸ் 2023 ஜனவரியில் சொன்னார். சின்னக் கூட்டத்துக்குச் சின்ன பட்ஜெட்டிலும் பெரிய கூட்டத்துக்குப் பெரிய பட்ஜெட்டிலும் எடுத்தால் எந்தத் தொடரும் ஓடும் என்பது அவர் கணக்கு. கணக்கு சரி. சூப்பர்ஹீரோ தொடர்தான் அந்தக் கணக்கில் முதலில் அடிபடும், ஏனென்றால் ஒரு ஆள் பறந்தாலே கிராஃபிக்ஸ் செலவு எகிறும். குடும்பக் கதைக்குப் போதுமான கூட்டம் இதற்குப் போதாது. ஆனால் அந்தப் பட்ஜெட்டைத் தீர்மானித்தது யார்? பார்வையாளர் அல்ல. செலவை மிதமிஞ்சிப் போட்டவர்களே, பார்த்தது போதவில்லை என்று பார்த்தவர் தலையில் பழியைப் போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

இன்னொரு சிக்கலை ரசிகர்கள் சரியாகப் பிடித்ததாகத் தெரியவில்லை. மாதம் 149 ரூபாய் மொபைல் சந்தா கட்டுகிறவர் எந்தத் தொடருக்காகக் கட்டுகிறார் என்று சொல்ல அதில் இடமே இல்லை. பணம் மொத்த அலமாரிக்கும் போகிறது. பிடித்த ஒன்றை மட்டும் தாங்கிப் பிடிக்க வழி கிடையாது. வெளியேறுவது ஒன்றுதான் கையில் இருக்கும் ஆயுதம், அதுவும் ரத்தான பிறகே எடுக்கப்படுகிறது. செத்தபின் வைத்தியம்.

நம் பக்கத்தில் இதற்கு வேறொரு முன்மாதிரி இருந்தது. பெல்ஜிய எழுத்தாளர் ழான் வான் ஹாமும் ஓவியர் வில்லியம் வான்ஸும் உருவாக்கிய பிரெஞ்சு காமிக்ஸ் ஒன்றை, நினைவிழந்த மனிதன் ஒருவன் தன்னையே தேடும் கதையை, சிவகாசி லயன் காமிக்ஸ் 1980களில் ‘இரத்தப் படலம்’ என்று தமிழில் தொடங்கியது. இடையிடையே நின்றது, வருஷக்கணக்கில் இழுத்தது. வாசகர்கள் ஆசிரியர் விஜயனை விடவில்லை. கடைசியில் முன்பதிவுக்குப் பணம் கட்டினார்கள். 2010இல் பதினெட்டு பாகங்களும் ஒரே குண்டுப் புத்தகமாக வந்தன. 2018இல் வண்ணத்திலும் வந்தது. பிரெஞ்சு தெரிந்த புதுச்சேரிக்காரர்களுக்குக் கதை முன்னமே தெரிந்திருக்கலாம். தமிழில் மட்டும் படித்தவர்கள் காத்திருந்து, காசு கொடுத்து, முடிவை வாங்கினார்கள். கோரிக்கையோடு பணமும் சேர்ந்து போனதால் அதற்குக் கனம் இருந்தது.

வாரப் பத்திரிகைகளும் இந்தப் பாடத்தைப் படித்தவைதான். ‘பொன்னியின் செல்வன்’ சட்டென்று முடிந்துவிட்டது என்று வாசகர்கள் குறைப்பட்டபோது, பாத்திரங்கள் பிற்பாடு என்ன ஆனார்கள் என்று முடிவுரை எழுதிப் பதில் சொன்னார் கல்கி. மூன்றரை ஆண்டு ஓடிய தொடருக்கே அந்தக் கடன் இருப்பதாக அவர் நினைத்தார். 1980களில் குமுதத்தில் சுஜாதா தொடங்கிய ‘கறுப்பு சிவப்பு வெளுப்பு’ ஒரு தரப்பின் எதிர்ப்பால் சில வாரங்களிலேயே நின்றது. அங்கே வாசகர் கோபமே கதையை நிறுத்தியது. ஆனாலும் அதன் 1857 கிளர்ச்சிப் பின்னணியை அவர் கைவிடவில்லை. ‘ரத்தம் ஒரே நிறம்’ என்ற பெயரில் மறுபடி எழுதி முடித்தார்.

இங்கே ஒரு வலுவான எதிர்வாதம் உண்டு. ‘ஜூபிடர்ஸ் லெகசி’ மார்க் மில்லரின் காமிக்ஸிலிருந்து வந்தது. தொடர் நின்றாலும் காகிதத்தில் கதை ஓடிக்கொண்டுதான் இருந்தது, படித்துக்கொள்ளலாமே என்பார்கள். படிக்கலாம். ஆனால் திரைக்கதை காமிக்ஸின் வழியில் அப்படியே போகவில்லை. திரையில் வாங்கிய புதிருக்கு விடையை வேறு கடையில் போய்த் தேடச் சொல்வது வியாபார மரியாதை ஆகாது. காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழைய புத்தகம் வாங்கும் அனுபவசாலிகளைக் கவனித்திருக்கிறேன். அட்டையைப் பார்ப்பதற்கு முன் புத்தகத்தைப் புரட்டிப்போட்டுக் கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இல்லையென்றால் பத்து ரூபாய் குறையும், அல்லது பேரமே முறியும். ஓடிடியில் கடைசிப் பக்கம் இல்லாத புத்தகம் முழு விலைக்குப் போகிறது. கிழிந்திருப்பது வாங்கிய பிறகே தெரிகிறது.

அதனால்தான் ‘முடிந்தபின் பார்க்கிறேன்’ என்ற சபதத்தை என்னால் கேலி செய்ய முடியவில்லை. தனி ஒருவருக்கு அது புத்திசாலித்தனம். எல்லாரும் அப்படியே செய்தால் முதல் மாதப் பார்வை சரிந்து, தொடர் நிச்சயமாகச் சாகும். பயந்ததைத் தாங்களே வரவழைத்துக்கொள்கிறார்கள். ஆனால் இந்த அவநம்பிக்கையை விதைத்தவர்கள் ரசிகர்கள் இல்லை.

அப்படியென்றால் செலவு மிகுந்த அதிசக்திக் கதையை எப்படித்தான் எடுப்பது? புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்து மாஹேயில் பிறந்த மனோஜ் நைட் ஷியாமளனின் ‘அன்பிரேக்கபிள்’ 2000இல் வந்தது. அதன் அடுத்த கண்ணி என்று தெரிந்த ‘ஸ்ப்ளிட்’ அமெரிக்கத் திரைகளுக்கு வந்தது 2017இல். மூன்றாவதான ‘கிளாஸ்’ 2019இல். முதல் இரண்டுக்கும் நடுவில் பதினாறு ஆண்டுகள். அத்தனை ஆண்டும் யாரும் தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்லவில்லை, ஏனென்றால் முதல் படம் தன்னளவில் முடிந்திருந்தது. தொடர்ச்சி வந்தால் லாபம், வராவிட்டால் நஷ்டம் இல்லை. நம் இரும்புக்கை மாயாவியும் அப்படித்தான். 1972இல் முத்து காமிக்ஸ் அவரைக் கொண்டுவந்த நாளிலிருந்து ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு கதை தொடங்கி, அதே புத்தகத்தில் முடிந்தது. மூன்றாம் சீசனோடு ரத்தான பழைய ‘டேர்டெவில்’ இன்றும் திரும்பத் திரும்பப் பார்க்கப்படுவதற்கு ஒரு காரணம், அந்த மூன்றாம் சீசன் ஓரளவு முற்றுப்புள்ளியோடு நின்றது.

ஆகவே என் முடிபு இது. ரசிகர்களின் கோபம் நியாயம். ‘இன்னொரு சீசன் கொடு’ என்ற அவர்களின் கோரிக்கை பலவீனமானது. யார் பணத்தை எதில் போடவேண்டும் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. கையெழுத்தால் அது நடந்ததற்கான சான்றும் மிகக் குறைவு. ‘தொடங்கிய கதையை முடித்துக் கொடு’ என்பது வேறு. அதற்குக் கல்கியின் முடிவுரை முதல் ‘சென்ஸ்8’ வரை முன்னுதாரணம் உண்டு, ஒரு சீசனின் செலவும் ஆகாது. புதிரை அடுத்த சீசனுக்கு ஒத்திப்போடும் நிறுவனம், அடுத்த சீசன் இல்லையென்றால் ஒரு நிறைவு எபிசோடுக்கான பணத்தை முதலிலேயே ஒதுக்கிவைக்க வேண்டும். அது முடியாது என்றால், ஒவ்வொரு சீசனையும் அதிலேயே முடியும்படி எழுதச் சொல்லட்டும்.

அடுத்த முறை யாராவது மனு ஒன்றை அனுப்பிக் கையெழுத்துக் கேட்டால், அதில் என்ன கேட்டிருக்கிறது என்று ஒருமுறை படித்துப் பாருங்கள். புதிய சீசன் என்று இருந்தால் உங்கள் இஷ்டம். கடைசி எபிசோடு என்று இருந்தால் தயங்காமல் போடுங்கள்.