குரலை நீக்கிய பிறகு

பிரிட்டிஷ் பாதே நிறுவனத்தின் செய்திப்படங்களில், போருக்குப் பிந்தைய கடற்கரைகளில், யாரும் களைத்துப்போவதில்லை. காமிரா பெரும்பாலும் ஊமையாகவே படம் பிடித்தது. வாத்திய இசை, குறும்பான ஆண்குரல் எல்லாம் பிறகு ஒட்டப்பட்டவை. அந்தச் சந்தோஷத்தில் எவ்வளவு கடற்கரையுடையது, எவ்வளவு குரலுடையது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

லங்காஷயரின் பஞ்சாலை ஊர்கள் வருஷத்தில் ஒரு வாரம், ஊருக்கு ஊர் முறைவைத்து, ஆலைகளை மூடிவிட்டு ப்ளாக்பூலுக்குக் கிளம்பின. சம்பளத்தோடு விடுமுறைக்கு வழிசெய்த சட்டம் 1938இல்தான் வந்தது. செய்திப்படக் குரலோ மற்ற 51 வாரங்களை அறியாதது. உழைப்பிலிருந்து கத்தரிக்கப்பட்ட ஓய்வையே அது நமக்குத் தருகிறது.

திராட்சை அறுவடைப் படங்களின் சூத்திரமும் இதுவே. கூடைகள், சிரிக்கும் பெண்கள், மிதிக்கும் கால்கள்; உடனே நிரம்பிய கோப்பை. இருட்டில் ரசம் நொதிக்கும் நாட்கள் இடையில் இல்லை. நொதிக்கையில் எழும் கரியமிலவாயு தொட்டிக்குள் இறங்குபவனைக் கொன்றுவிடக்கூடியது. உற்சாக வர்ணனையில் அதைச் சொல்ல இடமேது?

இச்சூத்திரத்தின் வெறுமையை 1957 ஏப்ரல் 1 அன்று பி.பி.ஸி. தொலைக்காட்சியின் 'பனோரமா' அம்பலமாக்கியது. கோதுமைமாவில் செய்யும் ஸ்பாகெட்டி, ஸ்விட்ஸர்லாந்தில் மரத்தில் காய்த்து அறுவடையாவதாகக் காட்டினார்கள். ரிச்சர்ட் டிம்பிள்பியின் கம்பீரக் குரல் போதுமானதாயிருந்தது, பலர் நம்பினர்.

குரலை விட்டுவிட்டால் மட்டும் உண்மை வந்துவிடுமா? மார்கேட்டின் கேளிக்கைப் பூங்காவை லிண்ட்ஸே ஆண்டர்ஸன் 1953இல் எடுத்த 'ஓ ட்ரீம்லாண்ட்' படத்தில் வர்ணனை கிடையாது. ஆனால் ஓர் இயந்திர பொம்மையின் சிரிப்பொலி திரும்பத் திரும்ப வந்து கூட்டத்தின்மேல் விழுகிறபோது, அதுவே ஜனங்களை எள்ளும் வர்ணனையாகிவிடுகிறது. செய்திப்படத்துக்கு அவர்களுடைய சிரிப்பு தேவைப்பட்டது. ஆண்டர்ஸனுக்கு அவர்களுடைய சோர்வு தேவைப்பட்டது. இரண்டிலும் மனிதர்கள் வெறும் சாட்சியங்கள்.

பாதே தன் சேகரிப்பிலிருந்து சுமார் 85,000 படங்களை 2014இல் யூட்யூபில் ஏற்றியது. அன்று வெளியிடாமல் ஒதுக்கப்பட்டு, குரல் ஒட்டப்படாமலே போன துண்டுகளும் அந்தச் சேகரிப்பில் உண்டு. என்னைப் பொறுத்தவரை மதிப்புள்ளவை இவைதான். கோட்டையும் டையையும் கழற்றாமல் மணலில் உட்கார்ந்திருப்பவர்களும், காமிராவைக் கண்டு விளையாட்டை நிறுத்திவிடும் குழந்தைகளும் இங்கே எதையும் நிரூபிக்க வரவில்லை. நமக்காகச் சிரித்தாக வேண்டிய கடமையும் அவர்களுக்கு இல்லை.