எதிரொலிப் பேச்சும் இடமயக்கமும்

ஆட்டிசம் எனப்படும் மதியிறுக்கமுடைய குழந்தைகளுட் சிலர், தம்மை ‘நீ’ என்றும் எதிருள்ளாரை ‘நான்’ என்றும் சுட்டுவர். 11 குழந்தைகளை ஆராய்ந்து லியோ கன்னர் 1943இல் வெளியிட்ட கட்டுரை, இவ்விடமயக்கத்தைக் கேட்ட சொல்லைக் கேட்டவாறே கூறுதலின் விளைவெனக் கொண்டது. புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் வெளியிட்ட நூலோ, குழந்தை ‘தான்’ என்பதையே மறுத்தலாக இதற்குப் பொருள் கண்டது. இக்கொள்கை பொருந்தாதென்பது எம் துணிபு.

கன்னர் 1946இல் எழுதிய மற்றொரு கட்டுரையே இதற்குச் சான்றாகும். நாயை மாடத்தினின்று எறியாதே எனச் சிறுவனொருவன் கூறினான்; ஆங்கு நாயுமில்லை, மாடமுமில்லை. மூன்றாண்டுகட்கு முன் அவன் பொம்மை நாயை எறிந்தபொழுது அன்னை கடிந்த சொற்களே அவை. எதையேனும் எறியத் தோன்றுந்தோறும் அச்சொற்களால் அவன் தன்னைத் தடுத்துக்கொண்டான். தன்னை மறுப்பவன் தன்னைத் தடுப்பது யாங்ஙனம்? கேட்போர்க்குப் பொருள் விளங்காமை, கூறுவோன்பாற் பொருளின்மை ஆகாது.

தமிழ்க் குழந்தைகளின் பேச்சை ஆராய்வார் பிறிதொன்றும் கருதுதல் வேண்டும். ஆங்கிலத்தில் இம்மயக்கம் பெயரில் வெளிப்படும். தமிழிலோ, பெயர் தோன்றாதவிடத்தும் வினைமுற்றின் விகுதி இடத்தைக் காட்டும். ‘சாப்பிடுகிறாயா’ என்று தன் பசியைப் புலப்படுத்தும் குழந்தையின் சொல்லில் ‘நீ’ இல்லை. ‘ஆய்’ விகுதியே உண்டு. ‘தண்ணீர் வேண்டுமா’ என்பதில் அவ்விகுதியும் இல்லை. ஆதலின், மூவிடப் பெயர்களை மட்டும் எண்ணும் அளவுகோல் ஈண்டு முழுதும் பயன்படாது. விகுதியையும், அச்சொல் முதன்முதல் கேட்கப்பட்ட சூழலையும் ஒருங்கே குறித்தல் ஆய்வாளர் கடன். அதற்குமுன் குழந்தையின் உள்ளத்தைப் பற்றித் தீர்ப்புக் கூறுதல், மூலத்தைப் பயிலாது உரை வகுப்பதனை ஒக்கும்.