8000 சுற்றும் ஊவா மலைப்பாதையும்

பதுளை, பண்டாரவளைப் பக்கத்து இளைஞர்கள் ‘விடெக்’ என்று சொல்லும்போது குரலிலேயே ஒரு மரியாதை தெரியும். பழைய ஹொண்டா சிவிக் ஃபெரியோவில் வந்த பி16ஏ எஞ்சினைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். 1600 சிசிக்குச் சற்றுக் குறைவு, டர்போ கிடையாது, ஆனாலும் நிமிடத்துக்கு 7800 சுற்றில் 170 குதிரைத்திறன். 1990களின் தொடக்கத்தில் நாலு கதவுக் குடும்பக் காரொன்றில் இது பெரிய சாதனை. அந்த மரியாதை நியாயமானதுதான். அந்த எஞ்சினின் சுற்றில் மேலா கீழா, எந்தப் பாதியைக் கொண்டாடுகிறோம் என்பதில்தான் எனக்கு அவர்களோடு வழக்கு.

இழுவையையும் சுற்றையும் பெருக்கி வருவதுதான் எஞ்சினின் திறன். இழுவை கூட வேண்டுமென்றால் எஞ்சின் பெரிதாக வேண்டும், அல்லது டர்போ வைத்துக் காற்றைத் திணிக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் வேகமாகச் சுழற்றுவதொன்றே வழி. அதற்காக ஹொண்டா ஒரே தண்டில் இரண்டு வகைக் கேம் வைத்தது. கீழ்ச்சுற்றில் வால்வுகளை அளவாகத் திறப்பது ஒன்று. 5500 சுற்றை நெருங்கும்போது எண்ணெய் அழுத்தத்தில் சிறு ஊசிகள் நகர்ந்து, அகலத் திறக்கும் மற்றக் கேம் வேலையை ஏற்கும். அந்த இடத்தில் சத்தமே மாறிவிடும். இளைஞர்கள் காசு கொடுப்பது அந்தச் சத்தத்துக்குத்தான்.

இதை ஊவாவின் தெருவில் வைத்துக் கணக்குப் பார்ப்போம். அந்தக் காரின் கியர் விகிதப்படி, இரண்டாம் கியரில் 5500 சுற்று என்பது மணிக்கு ஏறத்தாழ 65 கிலோமீற்றர். 8000 சுற்று என்றால் 95ஐத் தாண்டும். இலங்கையில் நகருக்கு வெளியே, அதிவேகப் பாதைகள் தவிர்ந்த வீதிகளில், காருக்குச் சட்டம் தரும் உச்ச வேகம் 70. அதாவது, எந்தப் பாதிக்காக இந்தக் கார் வாங்கப்பட்டதோ, அந்தப் பாதியைச் சட்டத்துக்கு உட்பட்டு முழுதாக அனுபவிக்க முதலாம் கியர் ஒன்றுதான் மிஞ்சுகிறது. பசறை வீதியில் 70 என்பதே பல வளைவுகளில் அதிகம். 2021 மார்ச்சில் 13ஆம் கட்டையில் பஸ் பள்ளத்தில் விழுந்து பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, மேலிருந்து சரிந்த பாறை வீதியின் ஒரு பக்கத்தை ஏற்கெனவே அடைத்துக் கிடந்தது. வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று தெரியாத பாதைகள் இவை. கொழுந்துக்குப் போகும் பெண்களுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் நடைபாதையும் அதுதான்.

உயரமும் சேர்ந்து கொள்கிறது. தியத்தலாவை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1250 மீற்றர். அங்கே காற்றின் அடர்த்தி கரையோரத்தைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் குறைவு; டர்போ இல்லாத எஞ்சின் இழக்கும் திறனும் கிட்டத்தட்ட அவ்வளவே. 170 குதிரைத்திறன் 150 ஆகிவிடும். இந்த எஞ்சினின் உச்ச இழுவை 157 நியூட்டன் மீற்றர், அதுவும் 7300 சுற்றில். வரி குறைவென்று நம் நாட்டில் பலர் வாங்கிய 1000 சிசி டர்போ சிவிக், 1700 சுற்றிலேயே 180 தருகிறது. ஹாலி-எலயிலிருந்து நாலு பேரோடு ஏற்றம் ஏறும்போது எது சிரமமில்லாமல் இழுக்கும் என்பதில் ஐயமில்லை. உலகமும் அந்தப் பக்கம்தான் போனது. 8250 சுற்று வரை ஓடிய 5 லீற்றர் வி10 எஞ்சினை எம்5 காரில் வைத்த பி.எம்.டபிள்யூ, 2011இல் அதைக் கைவிட்டு டர்போவுக்கு மாறியது.

இத்தனைக்குப் பிறகும் அந்தப் பழைய எஞ்சினை நான் தாழ்த்த மாட்டேன். அதன் உண்மையான அருமை ஏற்றத்தில் இல்லை, இறக்கத்தில் இருக்கிறது. ஹப்புத்தளையிலிருந்து பெரகலைக்கு இறங்கும்போது இரண்டாம் கியரில் 40 கிலோமீற்றர் என்பது சுமார் 3300 சுற்று. எட்டாயிரம் தாங்கக் கட்டிய எஞ்சினுக்கு அது ஓய்வு மாதிரி. எக்ஸிலேட்டரை விட்டால் போதும், கியரே காரைப் பிடித்துக்கொள்ளும். பிரேக் சூடேறிக் கைவிடும் பயம் குறையும். மூடுபனியும் மழையும் சேர்ந்த ஈரத் தாரில் இன்னொரு நன்மையும் உண்டு. கால் கேட்ட அளவுக்கு மேல் இந்த எஞ்சின் தராது. டர்போவில் சிலவேளை ஒரு கணம் தாமதித்து, பிறகு மொத்தமாக வந்து முன்சக்கரத்தை வழுக்க வைக்கும் இழுவை இதில் கிடையாது. கீழ்ப்பாதியை நிதானமாகப் பயன்படுத்தத் தெரிந்தவருக்கு இது நல்ல மலைக்கார்.

மேல்பாதியையே துரத்துகிறவருக்குச் செலவும் கூடவே வரும். டைமிங் பெல்ட்டைக் காலத்துக்கு மாற்றாமல் ஓடி அது அறுந்தால், பிஸ்டன் வால்வுகளில் மோதி வளைத்துவிடும். உயர்சுற்றில் எண்ணெய் குறைவதைப் பார்க்காதவர்கள் பேரிங்கையும் இழப்பார்கள். 2022இன் எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் அட்டைக்கு வாரம் 20 லீற்றர் பெற்றோல் என்று இருந்த நாட்களில் இந்தக் கார்கள் பல வாசலிலேயே நின்றன. சைலன்சரைக் கழற்றிவிட்டு இரவில் ஓட்டுவதை மட்டும் என்னால் எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியவில்லை. வீதியோரத்து லயத்தில் சுவரும் தகரக்கூரையும் அந்தச் சத்தத்தைத் தடுக்காது. உள்ளே தூங்குகிறவர்கள் விடிகாலையில் எழுந்து வேலைக்குப் போக வேண்டியவர்கள்.

எட்டாயிரம் சுற்றை ஆசைதீர ஓட்ட ஓர் இடம் வேண்டும் என்று இளைஞர்கள் கேட்பது நியாயம். ஊவாவில் அந்த இடம் தியத்தலாவையின் ஃபொக்ஸ்ஹில் பந்தயத் தடம். ஐந்து ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2024 ஏப்ரல் 21 அன்று அங்கே போட்டி நடந்தது. தடம் விலகிய கார் பார்வையாளருக்குள் புகுந்து, எட்டு வயதுச் சிறுமி உட்பட 7 பேர் இறந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். மூடிய தடம் பாதுகாப்பானது என்று நாங்கள் சொல்லி வந்த வாதத்தை அந்த ஒரு நாள் உடைத்தது. ஓட்டுநருக்கு ஹெல்மெட்டும் கூண்டும் பட்டியும் இருந்தால் போதாது. மண்தரையில் வழுக்கும் கார் எந்தப் பக்கமும் திரும்பலாம். வளைவின் வெளிப்புறத்தில் ஆள் நிற்கவே கூடாது. மற்ற இடங்களில் காரைத் தாங்கும் தடுப்பும், அதற்குப் பின்னால் வெற்று நிலமும், அதற்கும் பின்னால்தான் சனமும் இருக்க வேண்டும். கூட்டம் அந்தக் கோட்டைத் தாண்டினால் போட்டியை அந்த இடத்திலேயே நிறுத்தும் அதிகாரம் ஒருவர் கையில் இருக்க வேண்டும், அவர் அதைப் பயன்படுத்தவும் வேண்டும்.