பனிச்சங்கேணியில் நடைத்தியானம்

மட்டக்களப்பு–திருகோணமலை வீதி பனிச்சங்கேணிப் பாலத்தில் களப்பைக் கடக்கிறது. சுற்றிலும் கண்டல் மரங்கள், கடலும் கிட்ட. செல்வச்சந்நிதியிலிருந்து புறப்படும் கதிர்காமப் பாதயாத்திரிகர் வெருகல் முருகனைக் கும்பிட்டு, வாகரை வழியே தெற்கு நோக்கி நடப்பதும் இந்தப் பக்கத்தால்தான்.

இயற்கைக்குள் மெல்ல நடந்தபடி அடியையும் மூச்சையும் கவனிக்கும் பயிற்சி இன்று உலகெங்கும் பரவிவருகிறது. இலங்கைக்கு அது புதிதல்ல. பௌத்தத் துறவிகளின் ஆரணியங்களில் நடைத்தியானத்துக்கென்றே மணல் பரப்பிய பாதைகள் உண்டு. 1979இல் ஜோன் கபாட்-சின் அமெரிக்க மருத்துவமனைக்குள் கொண்டுபோன மனவிழிப்புப் பயிற்சிக்கும் மூலம் பௌத்தமே.

நடைத்தியானத்தின் பலன் மெய்யானது. சம்மணமிட்டு இருக்க முடியாதவரும் நடக்கலாம். அலையும் மனதுக்குக் கால்கள் ஒரு வேலை கொடுக்கின்றன. 2015இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர் சிலரைப் பசுமைவெளியிலும் சிலரைப் பரபரப்பான வீதியோரத்திலும் 90 நிமிடம் நடக்கவிட்டனர். பசுமையில் நடந்தவர்களுக்கே கவலையைத் திரும்பத் திரும்ப அசைபோடும் போக்குக் குறைந்தது. ஆனால் பங்கேற்றவர்கள் 38 பேர்தான், அதுவும் மனநோய் வரலாறற்ற நகரவாசிகள். அந்த முடிவைப் பனிச்சங்கேணி அடங்கும் வாகரைக்கு அப்படியே பொருத்த முடியாது.

ஏனெனில் இந்தக் கரை 2004 டிசம்பர் 26இல் சுனாமியைக் கண்டது. 2006–07 போரில் வாகரை மக்கள் ஊரைவிட்டு ஓடி அகதிமுகாம்களில் கிடந்தார்கள். அப்படிப்பட்ட ஒருவரிடம் அலையோசையைக் கேட்டபடி மௌனமாக நடக்கச் சொன்னால், எழுவது அமைதிதானா? மேற்கத்தியப் பௌத்தத் தியானிகளிடம் நடத்தி 2017இல் வெளியான ஓர் ஆய்வு, பயமும் பழைய அதிர்ச்சி நினைவுகளின் மீளெழுச்சியும் தியானத்தின்போது நேர்வதைப் பதிவுசெய்திருக்கிறது. தனிமையும் மௌனமும் எல்லோருக்கும் மருந்தல்ல.

பாதயாத்திரை இவ்விடத்தில் மேலானது. அங்கே யாரும் தனியாக விடப்படுவதில்லை. அரோகரா ஒலியும் ஊரார் தரும் அன்னதானமும் கூடவே வருகின்றன. குறையும் உண்டு. ஒக்கந்தை தாண்டிக் குமண, யால காடுகளுக்குள் புகும்வரை பெரும்பகுதி தார்வீதிதான். வெயிலும் கொப்புளமும் தூரக்கணக்கும் கவனத்தைத் தின்றுவிடுகின்றன.

1996இல் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, போர் தாக்கிய பிள்ளைகளை மரங்களுக்கும் பிராணிகளுக்கும் நடுவே கூட்டாக விளையாடவும் கதைசொல்லவும் விட்டது. வாகரைக்கு ஏற்ற வழிக்கு அதுவே நல்ல முன்மாதிரி.

ஆகவே பனிச்சங்கேணியில் நடைத்தியானம் ஒழுங்குசெய்பவர்கள் வெயில் ஏறுமுன் சிறு குழுவாக நடக்கட்டும். கண்ணை மூடும்படி யாரையும் வற்புறுத்த வேண்டாம்; கடலோரம் வர மனமில்லாதவருக்குக் களப்போரம் வேறு பாதை இருக்கட்டும். இவ்வூர் மீனவரையும் கரையோர வேடரையும் வழிகாட்டிகளாக அழையுங்கள். அவர்களுக்கு உரிய கூலியையும் கொடுங்கள்.